நீளமாக ஒரு விசில்

பிப்ரவரி 10, திங்கள். எட்டயபுரம்

வண்டி எடுத்தாயிற்று. கோவில்பட்டியிலிருந்து இங்கே வரப் பதினைந்து கிலோமீட்டர்தான், அதற்கு முக்கால் மணி நேரம். சீனிச்சாமி ஓட்டினால் அப்படித்தான். மெக்கானிக் வண்டி ஓட்டும்போது ரோட்டைப் பார்க்க மாட்டான், இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவான்.

டைரி எழுதுவது என் மனைவி இசக்கியின் யோசனை. "மூணு கிழவனும் பத்து நாள் ஒண்ணாப் போறீங்க. அடிச்சுக்கிட்டு வந்தா யாரு மேல தப்புன்னு எனக்குத் தெரியணும். எழுதி வைங்க" என்று கையில் கொடுத்தாள். பெயர் பால்வண்ணன், வயது அறுபத்திரண்டு, முப்பத்தொரு வருடம் அரசு பஸ் டிரைவர் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதினால் முறையாக எழுத வேண்டும்.

வண்டி பழைய பள்ளிக்கூட வேன். டெப்போவில் எங்கள் பஸ்ஸுக்கெல்லாம் வைத்தியம் பார்த்த சீனிச்சாமி, ரிட்டயர் ஆனதும் இதை வாங்கி எட்டு மாதம் வீட்டு வாசலில் போட்டுப் பிரித்துக் கட்டினான். சீட்டைப் பிடுங்கிவிட்டு மூன்று படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, கூரையில் தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் முழுக்க மறைக்கிற மாதிரி ஒரு இரும்பு அலமாரி, மூலையில் முழங்காலை மடக்கினால்தான் உட்கார முடிகிற கழிப்பறை. மஞ்சள் பெயின்டை மட்டும் மாற்றவில்லை. வழியில் ஒரு சின்னப் பெண் புத்தகப் பையோடு ஓடிவந்து கைகாட்டினாள்.

மூன்றாவது ஆள் ஞானதுரை, என் கண்டக்டர். பதினான்கு வருடம் ஒரே பஸ், ஒரே ரூட். நாங்கள் முப்பது வருடமாக ஐந்தைந்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பிய ஊர்களில் ஒவ்வொரு நாள் முழுசாக நிற்பது என்பதுதான் திட்டம். கரிசல் காட்டு ஊர்களில் பார்க்க என்ன இருக்கிறது என்று என் மகன் கேட்டான். டீ குடித்த கிளாஸைக் கழுவி வைக்கும் வரைக்கும் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவனுக்கு அது புரியாது.

பிப்ரவரி 11, செவ்வாய். விளாத்திகுளம்

டீசல் போடும் இடத்தில் மானம் போனது. நான்தான் ஸ்டியரிங்கில். வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. அலமாரி மறைப்பதால் பின்பக்கம் ஒன்றும் தெரியாது. கேமரா வைக்கலாமே என்று முதலிலேயே சொன்னேன். "கண்டக்டர் கூட வாரான், கேமரா எதுக்குலே" என்றான் சீனிச்சாமி. ஞானதுரை தன் பழைய விசிலை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றான். நான் இஞ்சினை அணைத்தேன். இறங்கி வண்டியைச் சுற்றிவந்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டு ஏறினேன். அவன் விசில் கொடுத்தான். மறுபடி இறங்கிப் பார்த்தேன். பின்னால் காத்திருந்த டிராக்டர்காரன், "பெருசு, எதையும் தொலைச்சிட்டீகளா" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஞானதுரை மட்டும் சிரிக்கவில்லை. அவன் எப்போதும் இந்த விஷயத்தில் சிரிக்க மாட்டான், அவ்வளவு இளகின மனசு.

இதையும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் இந்த டைரி பொய்.

2003 பிப்ரவரி 19, புதன்கிழமை காலை பத்தேகால். அந்த ஊர்ப் பெயரை நான் எழுதுவதில்லை. பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பின்னால் எடுத்தேன். பின்னால் எடுக்கும்போது டிரைவருக்குக் கண் கிடையாது, கண்டக்டர்தான் கண். இரண்டு குட்டை விசில் என்றால் வரலாம். நீளமாக ஒன்று என்றால் நிறுத்து. அதைச் சந்தேகப்பட்டால் ஒருவனும் பஸ் ஓட்ட முடியாது. என் காதில் இரண்டு விழுந்தது, எடுத்தேன். வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த முத்துப்பேச்சி என்ற பெண் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். ஞானதுரை ஊதியது நீளமாக ஒன்று. ஓடிவந்து என் கதவைத் திறந்து அவன் கேட்ட முதல் வார்த்தையே, "நான் நீளமா ஒண்ணு ஊதுனேனே, ஒனக்குக் காது கேக்கலையாலே" என்பதுதான்.

ஆறு மாதம் சஸ்பெண்டில் இருந்தேன். விசாரணையில் ஞானதுரை எனக்காக மன்றாடினான். "டிரைவருக்குக் காது கொஞ்சம் மந்தம். மத்தபடி தங்கமான மனுசன். வேலைய மட்டும் பறிச்சிராதீங்க" என்று அழுதேவிட்டான். என் வீட்டில் அடுப்பு எரிந்தது அவனால்தான். என் மகன் கல்யாணத்தில் அவனைத்தான் முன்வரிசையில் உட்கார வைத்தேன், சொந்தத் தம்பியைக்கூட இல்லை.

அதன்பிறகு வருடா வருடம் காதைச் சோதித்துக்கொள்கிறேன். டாக்டர் மாறினாலும் பதில் மாறுவதில்லை, நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நன்றாக இருக்கிற காது அன்றைக்கு மட்டும் ஒன்றை இரண்டாகக் கேட்டிருக்கிறது. அதை எந்த மிஷினும் காட்டாது.

பிப்ரவரி 12, புதன்

சாம்பாரில் ஞானதுரை உப்பு போடவில்லை. கழிப்பறைத் தொட்டியைச் சுத்தம் செய்வது என் முறை.

பிப்ரவரி 13, வியாழன். கமுதி

சந்தைக்குப் போனோம். முப்பது வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்த கூட்டத்துக்குள்ளே முதல்முறையாக நடந்தேன். கருவாட்டுக்காரி என்னைப் பார்த்து, "நீங்க எட்டு மணி வண்டி டிரைவருல்ல, இறங்கி இறங்கிப் பாப்பீகளே" என்றாள். அந்தப் பெயர் இங்கே வரைக்கும் வந்திருக்கிறது. சீனிச்சாமிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மதியம் ரோட்டுப் படத்தை விரித்து வழி பார்த்தோம். பத்தொன்பதாம் தேதி அந்த ஊரில் இருக்க வேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தேன். வருடா வருடம் அந்தத் தேதிக்கு நான் போவேன். முத்துப்பேச்சியின் மகள் செண்பகவல்லி, தாய் சாகும்போது பன்னிரண்டு வயது, இப்போது அதே பஸ் ஸ்டாண்டில் கம்மங்கூழ்க் கடை வைத்திருக்கிறாள். முதல் வருடம் அவள் மாமா வீட்டு வாசலில் நின்று, "என் காதுதாம்மா காரணம்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. போவேன், ஒரு சொம்பு கூழ் கொடுப்பாள், நின்றபடியே குடித்துவிட்டு வருவேன். காசு வாங்க மாட்டாள்.

ஞானதுரை படத்தில் வேறு பக்கம் விரலை வைத்தான். "இப்படி சாயல்குடி போயி, கடக்கரையோடவே போயிரலாமே. அந்த ஊருக்கு நீ தனியா பஸ்ஸில போயிட்டு வந்திரு" என்றான். வழக்கமாகவே அவன் அந்த ஊருக்கு வரமாட்டான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவை வரவில்லை. பார்த்தால் தாங்காது என்பான். நான் வற்புறுத்தியதும் இல்லை. ஆனால் இந்தத் தடவை சீனிச்சாமி, "இல்ல, மூணு பேரும்தான் போறோம்" என்று கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னான். சொல்லிவிட்டு ஞானதுரையை ஒரு பார்வை பார்த்தான். இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை. சீனிச்சாமி சோப்பை வைத்து அடைத்தான். ஞானதுரை இரண்டு தடவை, "பாலு, ஒன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்றான். என்ன என்று கேட்டால் முதல் தடவை பேரன் படிப்பைப் பற்றிப் பேசினான், இரண்டாம் தடவை டயரில் காற்று குறைகிறது என்றான். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 15, சனி. முதுகுளத்தூர் பக்கம்

ரோட்டோரம் முழுக்க மிளகாய் காய்கிறது. இந்த மாதம் வந்தால் இந்தப் பக்கமே தும்மும். ஒரு மிளகாய்க் களத்தை ஒட்டி நிழல் இருந்தது, அங்கே ஒதுக்கினோம். களத்துக்காரம்மா பம்ப்செட்டில் குளிக்கச் சொன்னார். நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.

குளித்துவிட்டு வரப்பில் வந்துகொண்டிருந்தேன். வெயில் திரும்பியதால் வண்டியை நிழலுக்கு நகர்த்த சீனிச்சாமி ஸ்டியரிங்கில் ஏறியிருந்தான். ஞானதுரை பின்னால் நின்றான். கையில் போன். களத்துக்காரம்மாவுக்குப் பேரன் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். முதுகு வண்டிப் பக்கம். வாயில் விசில். இரண்டு குட்டையாக ஊதினான். திரும்பிப் பார்க்கவில்லை. ஊதிவிட்டு அடுத்த படத்தைத் தள்ளினான்.

வண்டி வந்தது. பின்னால் அந்தம்மாவின் சைக்கிள் நின்றது. சைக்கிள் படுத்து, அதற்கு மேல் சக்கரம் ஏறி, மிளகாய்க் குவியலுக்குள் இறங்கியது. அந்தம்மா கத்தினார். சீனிச்சாமி பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினான்.

ஞானதுரை ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தான். "நான் நீளமா ஒண்ணு ஊதுனேனே, ஒனக்குக் காது கேக்கலையாலே."

சீனிச்சாமி அவனைப் பார்க்கவில்லை. வரப்பில் ஈரத் துண்டோடு நிற்கிற என்னைத்தான் பார்த்தான்.

சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் போட்டுக் கொடுத்தோம். மிளகாயை மூன்று பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம். கண் எரிகிறது, இன்னும் எரிகிறது. மிளகாய்க் காரம்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு. கண்மாய்க் கரை

காலையில் ஒரு விளையாட்டு விளையாடலாம் என்றேன். ஞானதுரை வண்டியருகே நிற்க வேண்டும், நான் நூறு காலடி தள்ளி முதுகைக் காட்டி நிற்பேன். அவன் மனசுக்குத் தோன்றியபடி ஒன்றோ இரண்டோ ஊத வேண்டும். நான் விரலைக் காட்டுவேன். சீனிச்சாமி கரித்துண்டால் வண்டிக் கதவில் கோடு போட வேண்டும்.

"அறுபது வயசுல என்னடா விளையாட்டு" என்றான் ஞானதுரை. ஊது என்றேன்.

எதிர்க்காற்று. ஆட்டு மந்தை வேறு கத்திக்கொண்டு போனது. பன்னிரண்டு தடவை ஊதினான். பன்னிரண்டும் சரி. பதின்மூன்றாவது தடவை சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "வாய் வலிக்குது" என்றான்.

காது நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். இட்லி மாவு புளித்துவிட்டது, கொட்டினோம்.

பிப்ரவரி 17, திங்கள்

ஞானதுரை தூங்கும் நேரம் பார்த்து, மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சீனிச்சாமியிடம் போய் உட்கார்ந்தேன். எண்ணெய்ச் சட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அவனே பேசினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு அப்பவே தெரியும் பாலு. நடந்த அன்னைக்குச் சாயங்காலமே டெப்போவுக்கு வந்து என் காலைக் கட்டிக்கிட்டு அழுதான். டீக்கடைப் பக்கம் திரும்பி யார்கிட்டயோ பேசிக்கிட்டே ரெண்டு விசில் கொடுத்துட்டான். அவன் மேல ஏற்கெனவே ரெண்டு சார்ஜ் மெமோ இருந்துச்சு. மூணாவது வந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. வீட்டுல சின்னப் பிள்ளைக வேற. மொதல்ல சொன்னதையே கடைசி வரைக்கும் சொல்லிரணும்னு நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணினோம். ஒன் ரெக்கார்டு சுத்தம். ஒன்ன எப்படியும் திரும்ப எடுத்துருவாங்க. நீ தாங்குவேன்னு நெனச்சோம்."

நான் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"ரிட்டயர் ஆன பெறகாவது சொல்லிருன்னு அவன நச்சரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். ஒரே கூரைக்குள்ள பத்து நாள் இருந்தா சொல்லித்தான ஆகணும்? அதுக்குத்தான் இந்த வண்டியே."

எட்டு மாதம் வாசலில் போட்டுக் கட்டியது இதற்கு. ஐந்து நிமிடம் நின்ற ஊரில் ஒரு நாள் நிற்பது என்பதெல்லாம் சும்மா. நான் அதை நம்பி என் மகனிடம் வாதாடிவிட்டு வந்திருக்கிறேன்.

அவனைக் கேட்டேன். "நான் வருசா வருசம் காது டாக்டர்கிட்டப் போறப்ப நீதான பைக்குல கூட்டிட்டுப் போன? வெளிய பெஞ்சுல உக்காந்து என்ன நெனச்சுக்கிட்டு இருந்த?"

சீனிச்சாமி பாத்திரத்தை அலமாரியில் அடுக்கப் போய்விட்டான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் எவனோடும் பேசவில்லை. மதியம் ஞானதுரையே வந்து என் எதிரில் உட்கார்ந்தான். சீனிச்சாமி சொல்லியிருப்பான்.

"அடிக்கணும்னா அடிச்சிரு" என்றான்.

அடிக்கத்தான் தோன்றியது. கை வரவில்லை. பதினான்கு வருடம் அவன் விசிலை நம்பிப் பின்னால் வண்டி எடுத்தவன் நான். அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். "விசாரணையில அழுதியே. அது யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றான். பொய் சொல்லவில்லை. முதல் உண்மையை இந்த வயதில் சொல்கிறான்.

நான் எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தேன். பேத்தி வாசலில் நிற்கும்போது மகன் காரைப் பின்னால் எடுத்தால் நான் வீட்டுக்குள் போய்க் காதைப் பொத்திக்கொள்வது, ராத்திரி தூக்கத்தில் விசில் கேட்டு எழுந்து எண்ணுவது, ஒருத்தியைக் கொன்ற காது என்று குளிக்கும்போது அதைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியது. அதெல்லாம் அவனுக்குத் தெரியும். என் வீட்டுப் படியில் உட்கார்ந்து அவனிடம்தானே ஒவ்வொன்றையும் சொல்லி அழுதிருக்கிறேன். தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, "விடு பாலு, வேணும்னேயா செஞ்ச?" என்று சொன்னவன் அவன்தான்.

"இருபத்திரண்டு வருசமா ஒன்கூடவே இருந்தேனே" என்றான். "ஒனக்கு ஆபரேசன்னா ரத்தம் கொடுத்தேன். ஒன் மகன் கல்யாணத்துல பந்தி பரிமாறினேன். ஒரு ஞாயித்துக்கெழம விடாம ஒன்னப் பாக்க வந்தேன். அது எதுக்குன்னு நெனச்ச?"

சிநேகிதம் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன். அவன் எனக்குச் செய்ததெல்லாம் செய்த தப்புக்கு ஈடு. அவனுக்கு என்னிடம் ஒரு நாள்கூடச் சிநேகிதம் இருந்ததில்லை, பயம்தான் இருந்திருக்கிறது. பொய் சாட்சி சொன்னதைக்கூட விட்டுவிடலாம் போலிருக்கிறது. இதை விட முடியவில்லை.

"நாளைக்கு அந்த ஊருக்கு வா. அந்தப் பிள்ளை முன்னால நின்னு நீயே சொல்லு. அப்புறம் பாப்போம்" என்றேன். வருகிறேன் என்றான்.

பிப்ரவரி 19, புதன்

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினான் சீனிச்சாமி. நான் இறங்கினேன். ஞானதுரை இறங்கவில்லை. படுக்கைப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "முடியலடே, கால் வரமாட்டேங்குது" என்றான். இரண்டு நிமிடம் நின்றேன். சீனிச்சாமி ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் நடந்தேன்.

செண்பகவல்லி என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் சொம்பை எடுத்தாள். நான் வாங்கிக் கீழே வைத்தேன். ஒவ்வொரு வருடமும் நின்றுதான் குடிப்பேன். இன்றைக்கு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவள் வித்தியாசமாகப் பார்த்தாள்.

"ஒங்க அம்மா செத்தது என் காதால இல்லம்மா. கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்திருக்கான். திரும்பிப் பாக்காமலே கொடுத்திருக்கான். எனக்கே முந்தாநாள்தான் தெரியும்."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்யா" என்றாள்.

என் காதில் சரியாகத்தான் விழுந்தது. ஆனாலும் என்ன என்று கேட்டேன்.

"நான் அங்கனதான நின்னேன். அம்மாவுக்குச் சோறு கொண்டாந்திருந்தேன். அந்தாளு டீக்கடையப் பாத்துத் திரும்பி நின்னு பேசிக்கிட்டே ஊதுனாரு. ரெண்டு. இன்னைக்கும் என் காதுல இருக்கு."

"யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"மாமாகிட்டச் சொன்னேன். மாமா போயிச் சொல்லிப் பாத்தாக. சின்னப்பிள்ள பேச்ச எழுத முடியாதுன்னுட்டாக."

"என்கிட்ட?" என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "நான் மொத வருசமே வந்து காதுதான்னு ஒன் முன்னால நின்னேனே. அப்பவே சொல்லியிருக்கலாமே."

ஒருவர் கூழ் கேட்டு வந்தார். அவருக்கு ஊற்றிக் கொடுத்து, மோர்மிளகாய் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க அழுதீக. எங்கம்மாவுக்காக அழுத மொத ஆளு நீங்கதான். எங்கய்யா காரியம் முடிஞ்ச கையோட வேற ஊருக்குப் போயி வேற குடும்பம் ஆயிட்டாரு. விசில் ஊதுன ஆளு வரல. ஆபீஸுல இருந்து யாரும் வரல. அம்மா செத்த நாள ஞாபகம் வச்சு வாரது உலகத்துல நீங்க ஒருத்தருதான். ஒங்க மேல தப்பில்லன்னு சொல்லிட்டா, நீங்களும் வரமாட்டீகளே."

வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள்.

"வருசா வருசம் இந்தத் தடவ சொல்லிருவோம்னுதான் நெனப்பேன். நீங்க வந்து நிப்பீக. சரி, அடுத்த வருசம் சொல்லலாம்னு கூழ ஊத்துவேன்."

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். என் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும், தெரியாத ஒருவன் நான்தான். எல்லாருமாகச் சேர்ந்து என்னை ஒவ்வொரு பிப்ரவரியும் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "நீயும் சேந்துதாம்மா என்னைக் கொன்னிருக்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மறுக்கவில்லை.

"இனிமே வருவீகளா?" என்று கேட்டாள்.

நான் எழுந்தேன். கூழைக் குடிக்கவில்லை. வண்டியருகே போய்க் கதவைத் திறந்து என் பையை மட்டும் எடுத்தேன். ஞானதுரை அதே பலகையில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். "என்ன சொன்னா?" என்று கேட்டான். அவனுக்கு இன்னும் அதுதான் கவலை. "நீ இறங்கியிருந்தா ஒனக்கே தெரிஞ்சிருக்கும்" என்றேன். சீனிச்சாமி, "நான் கொண்டாந்து விடுதேன் பாலு" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது.

பிப்ரவரி 20, வியாழன். வீடு

இசக்கி நேற்றுச் சோறு போட்டுப் படுக்கச் சொல்லிவிட்டாள். இன்றைக்குக் காலையில் டைரியை வாங்கிப் படித்தாள். படித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. மூடி வைத்துவிட்டு, "அப்போ ஒங்க மேல தப்பே இல்ல" என்றாள். ஆமாம் என்றேன். யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று இருபத்திரண்டு வருடம் ஏங்கியிருக்கிறேன். சொன்னபோது ஒன்றும் ஆகவில்லை. தலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், சாப்பிட்டேன்.

ஞானதுரை நான்கு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. அவன் நம்பரை அழித்துவிட நினைத்தேன். போனில் அழிக்கலாம், எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து படியில் உட்கார்ந்தால் இசக்கி காப்பி கொடுக்கட்டும், நான் வெளியே வரமாட்டேன். சீனிச்சாமியைப் பற்றி நினைக்கவே பிடிக்கவில்லை.

செண்பகவல்லிக்குத்தான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். வருவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதிலிருந்து என்னை வைத்து அவள் அம்மாவுக்குத் திதி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நானும் ஒரு தடவைகூட முத்துப்பேச்சி எப்படிப்பட்டவள் என்று அவளிடம் கேட்டதில்லை. என் காதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தப்பு செய்தவனாக அந்தக் கடை முன்னால் நிற்க எனக்குத் தெரியும். தப்பு செய்யாதவனாகப் போய் அங்கே என்ன செய்வது என்று தெரியவில்லை.